கணக்குக்கு முந்தி வந்த சூரியன்

வட துருவத்தில் ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு என்று நம் பிள்ளைகள் பூகோளப் பரீட்சையில் எழுதுகிறார்கள். நாமும் அதற்கு மார்க்குப் போட்டுவிட்டு அடுத்த விடைக்குப் போய்விடுகிறோம். விடைத்தாளில் அது ஒரே ஒரு வரி. அந்த இரவில் பாதியையாவது மரக்குடிசைக்குள் முடங்கிக் கிடந்து கழித்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று பிள்ளைகளும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. மேகம் மூடி இரண்டு நாள் வெயில் இல்லாவிட்டால் போட்ட அப்பளம் காயவில்லையே என்று வீடெல்லாம் குறை எழுகிறது. அத்தகைய குடும்பங்களில் இருந்துகொண்டு, எண்பது நாளுக்கு மேல் சூரியனையே காணாத பதினாறு பேருடைய கதையை இந்த வாரம் வாசித்துப் பார்ப்போம்.

முதலில் கணக்கைச் சரிப்படுத்திக்கொள்வது நல்லது. ஆறு மாத இரவு என்பது துருவப் புள்ளி ஒன்றுக்கே பொருந்தும். அங்கிருந்து தெற்கே வர வர இருட்டுக் காலம் குறுகிக்கொண்டே வரும். துருவ வட்டத்தை ஒட்டிய இடங்களில் அது ஓரிரு நாளோடு தீர்ந்துபோகும். நம் முன்னோருக்கு இது தெரியாத விஷயமல்ல. மேருவில் வாழும் தேவர்கள் ஒருமுறை உதித்த சூரியனை அரை வருஷம் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று சூரிய சித்தாந்தம் சொல்லுகிறது. உத்தராயணம் தேவர்களுக்குப் பகல் என்று பாட்டிமார் சொல்வதும் இதே கணக்குத்தான். வேதத்தில் வரும் உஷஸ் வர்ணனைகள் துருவ தேசத்தின் நெடிய விடியலைக் குறிப்பன என்று லோகமான்ய திலகர் 1903-ல் ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார். அவருடைய முடிவை இன்றைய ஆராய்ச்சியாளர்கள் ஒப்புக்கொள்ளுவதில்லை. ஆயினும் துருவத்தை ஒருநாளும் கண்ணால் காணாத ஒருவர் அதன் விடியலைப் பற்றி அவ்வளவு நுட்பமாகச் சிந்தித்தது நமக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

நம் கதை 1596-ம் வருஷத்தில் ஆரம்பமாகிறது. ஆப்பிரிக்காவைச் சுற்றி இந்தியாவுக்கும் கிழக்குத் தீவுகளுக்கும் வரும் கடல் வழி அப்போது போர்த்துகீசியர் கையில் இருந்தது. ஹாலந்து தேசத்து வியாபாரிகள் வேறு வழி தேடினார்கள். ருஷ்யாவுக்கு வடக்கே பனிக்கடலைக் கடந்து சீனாவை அடைந்துவிடலாம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. வழி கண்டுபிடிப்பவருக்கு 25,000 கில்டர் பரிசு என்று அரசாங்கமும் அறிவித்திருந்தது. ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் இரண்டு கப்பல்களை அனுப்பினார்கள். ஒன்றின் தலைவர் யாகோப் வான் ஹீம்ஸ்கெர்க். அதில் வழிகாட்டும் மாலுமி வில்லெம் பாரென்ட்ஸ். நட்சத்திரம் பார்த்து வழி சொல்லுவதில் அக்காலத்தில் அவருக்கு நிகரானவர் சிலரே. அதே கப்பலில் இருந்த கெரிட் டி வேர் என்பவர் தினந்தோறும் குறிப்பு எழுதி வந்தார். அந்தக் குறிப்பு 1598-ல் புத்தகமாக வெளிவந்தது. நமக்கு இன்று தெரிவதில் பெரும்பகுதி அவர் தயவால் தெரிவதே.

ஜூன் மாதத்தில் அவர்கள் ஸ்பிட்ஸ்பெர்கன் என்னும் தீவைக் கண்டுபிடித்தார்கள். பிறகு இரண்டு கப்பல்களும் பிரிந்தன. பாரென்ட்ஸ் இருந்த கப்பல் கிழக்கே சென்று நோவயா செம்லியா தீவின் வடமுனையைச் சுற்றியது. அங்கே ஆகஸ்டு 26-ம் தேதி பனிக்கட்டி நாலாபுறமும் சூழ்ந்து கப்பலைக் கவ்விக்கொண்டது. அது வடக்கே 76 டிகிரி அட்சரேகை. ஊருமில்லை, மனிதருமில்லை, மரமுமில்லை. கடல் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்து கரையில் ஒதுக்கிய கட்டைகள் மட்டும் கிடந்தன. அவற்றையும் கப்பல் பலகைகளையும் கொண்டு ஒரு வீடு கட்டினார்கள். வந்தவர்கள் பதினேழு பேர். வீடு முடிவதற்கு முன்பே தச்சர் இறந்துவிட்டார். பதினாறு பேர் உள்ளே குடியேறினார்கள்.

அந்த வீட்டுக் குடித்தனத்தை டி வேர் எழுதியிருக்கும் விதத்தைப் படிக்கும்போது சிரிப்பும் வருகிறது, கண்ணீரும் வருகிறது. நடுவில் அடுப்பு, அதன்மேல் புகை போக ஒரு பீப்பாயைச் சிம்னியாக நிறுத்தியிருந்தார்கள். அடுப்பில் தீ எரிந்துகொண்டிருக்கும்போதே சுவர்களில் இரண்டு விரற்கடை கனத்துக்குப் பனி உறைந்து நின்றதாம். காலை அடுப்பருகே நீட்டினால் சூடு தோலில் உறைப்பதற்குள் காலுறை கருகிவிடும். நெருப்பு சுடுவதை அவர்கள் உணர்ந்தது நாற்றத்தினால்தான்! கற்களைச் சுடவைத்துப் படுக்கையில் காலடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள். கடிகாரம் குளிரில் நின்றுபோயிற்று. பன்னிரண்டு மணி நேரம் ஓடும் மணல் கடிகையை வைத்துக்கொண்டு, அது காலியானவுடன் திருப்பி வைக்க ஆள் போட்டுக் காத்தார்கள். இரவும் பகலும் ஒரே நிறமாய் இருக்கும் இடத்தில் அந்த மணல்தான் அவர்களுக்கு நாள் எண்ணிக் கொடுத்தது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதைக் குறித்துப் பெரிய விவாதம் வரப்போகிறது.

டிசம்பர் 7-ம் தேதி குளிர் தாங்காமல், கப்பலிலிருந்து கொண்டுவந்த நிலக்கரியை எரித்தார்கள். உஷ்ணம் வெளியே போய்விடாமல் கதவையும் புகைக் கூண்டையும் இறுக அடைத்தார்கள். நெடுநாளைக்குப் பின் உடம்பில் சூடேறிய சுகத்தில் பேசிக்கொண்டே படுத்தார்கள். சற்று நேரத்தில் ஒவ்வொருவருக்கும் தலை சுற்ற ஆரம்பித்தது. தெம்பு மிச்சமிருந்த ஒருவர் தட்டுத்தடுமாறிக் கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே வெளிப்பனியில் மூர்ச்சித்து விழுந்தார். உள்ளே வந்த குளிர்காற்றே அத்தனை பேரையும் பிழைப்பித்தது. எவ்வளவு நாளாய் அவர்கள் சபித்துக்கொண்டிருந்த குளிர் அது! கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயுவின் வேலை இது என்று இன்று நாம் அறிவோம். அறிந்தும் என்ன? இன்றைக்கும் குளிர்காலத்தில் கூடாரத்தை இறுக மூடிக்கொண்டு உள்ளே அடுப்பு மூட்டுகிறவர்களை இதே வாயு கொன்று வருகிறது. குளிர் பிரதேசங்களில், மூடிய அறையில் கரியடுப்பை வைத்துக்கொண்டு படுப்பவர்களும் இதற்குப் பலியாகிறார்கள்.

துன்பத்துக்கு நடுவே பண்டிகையையும் அவர்கள் விட்டுவிடவில்லை. ஜனவரி 5-ம் தேதி இரவு கிறிஸ்தவர்களின் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்திய இரவு. சேமிப்பில் இருந்த மாவில் இரண்டு ராத்தல் எடுத்து, நம் வீட்டுத் தோசையைப் போல வார்த்துத் தின்றார்கள். அன்றைக்குச் சீட்டுப் போட்டு ஒருவரை ராஜாவாக்குவது அவர்கள் ஊர் வழக்கம். பீரங்கிக்காரருக்குச் சீட்டு விழுந்தது. நோவயா செம்லியா தீவு முழுவதற்கும் அவர் ஒரு நாள் ராஜாவானார். குடிகள் பதினைந்து பேர்.

சூரியன் நவம்பர் 4-ம் தேதி முதல் கண்ணில் படவில்லை. அதனோடு வெண்கரடிகளும் போய்விட்டன. அவற்றுக்குப் பதிலாக வெள்ளை நரிகள் வந்தன. பொறி வைத்து நரிகளைப் பிடித்துத் தின்றார்கள். புது மாமிசத்தில் சிறிதளவு இருந்த சத்துத்தான் ஸ்கர்வி நோயினால் அத்தனை பேரும் மாண்டுபோகாமல் காத்தது என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள். ஆயினும் ஈறு வீங்கி, மூட்டு பிடித்து, பலர் படுத்த படுக்கையாய்க் கிடந்தார்கள். பாரென்ட்ஸும் வரவரத் தளர்ந்துபோனார். அவர்கள் எல்லோரும் எதிர்பார்த்துக் கிடந்தது ஒன்றே. அது திரும்பி வரும் நாளைப் பாரென்ட்ஸ் கணக்குப் போட்டு வைத்திருந்தார். பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்கு முன் சூரியன் தலைகாட்ட வழியே இல்லை.

1597 ஜனவரி 24-ம் தேதி வானம் தெளிந்திருந்தது. ஹீம்ஸ்கெர்க்கும் டி வேரும் இன்னொருவரும் கடலோரமாகத் தெற்கு நோக்கி நடந்து சென்றார்கள். டி வேர்தான் முதலில் கண்டார். அடிவானத்தில் சூரியனுடைய விளிம்பு தெரிந்தது! மூவரும் ஓடோடி வந்து மற்றவர்களுக்குச் சொன்னார்கள். பாரென்ட்ஸ் நம்பவில்லை. கணக்குப்படி இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அன்று சூரியன் அடிவானத்துக்குக் கீழே 5 டிகிரி ஆழத்தில் இருந்தாக வேண்டும். குடிசைக்குள் இரண்டு கட்சி ஏற்பட்டு, பந்தயமும் கட்டினார்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் மூடுபனி. பந்தயத்தில் ஜயித்துவிட்டோம் என்று நம்பாத கட்சி மகிழ்ந்திருந்தது. அந்த 26-ம் தேதி இரவு நெடுநாள் நோயாளி ஒருவர் இறந்துபோனார். 27-ம் தேதி வானம் வெளுத்தது. அன்று அடிவானத்துக்குச் சற்று மேலே முழு வட்டமாகச் சூரியன் நின்றதை எல்லோரும் பார்த்தார்கள்.

கண்டதைக் கண்டபடி எழுதிய டி வேர், பாரென்ட்ஸின் மறுப்பையும் மறைக்காமல் பக்கத்திலேயே எழுதி வைத்தார். நண்பருடைய கணக்கைக் குறை கூறவில்லை. தம் கண்ணையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஊர் திரும்பியபின் இது அவருக்குத் தலைவலியாக முடிந்தது. படித்தவர்கள் சிரித்தார்கள். இருட்டில் படுத்துத் தூங்கி நாள் கணக்கைத் தவறவிட்டுவிட்டார்கள். மணல் கடிகையைத் திருப்ப மறந்திருப்பார்கள். அவர்கள் ஜனவரி என்று நினைத்தது உண்மையில் பிப்ரவரி என்றெல்லாம் பேசினார்கள். சிரிப்பதற்கு வசதியான விளக்கம்தான். ஆனால் டி வேர் ஒரு சாட்சியைக் கைவசம் வைத்திருந்தார். வெனிஸ் நகரத்தில் அச்சான கிரக பஞ்சாங்கம் ஒன்று அந்தக் குடிசையில் இருந்தது. ஜனவரி 24-ம் தேதிக்கும் 25-ம் தேதிக்கும் இடைப்பட்ட இரவில் சந்திரனும் குருவும் ஒன்றுசேரும் என்று அதில் போட்டிருந்தது. அவர்கள் விழித்திருந்து பார்த்தார்கள். அந்த இரவிலேயே சேர்ந்தன. வெனிஸில் இன்ன மணி, இங்கே இன்ன மணி என்று ஒப்பிட்டுத் தாங்கள் இருக்கும் தீர்க்கரேகையையும் கணக்கிட்டார்கள். அந்த மணிக் கணக்கில் கொஞ்சம் பிசகு உண்டு. தேதியில் பிசகு இருக்க வழியில்லை. மணல் தவறலாம், குருவும் சந்திரனும் இரண்டு வாரம் தவறி வந்து சேருமா?

பிரசித்தி பெற்ற வானசாஸ்திரியான கெப்ளர் 1604-ல் வெளியிட்ட தம் ஒளி நூலில் இந்தச் சம்பவத்தை எடுத்து ஆராய்ந்தார். மாலுமிகளைப் பொய்யர் என்று தள்ளாமல், காற்று ஒளியை வளைத்ததே காரணம் என்று கொண்டார். இருந்தும் 5 டிகிரி என்பது பலருக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாகவே இருந்தது. நெடுங்காலம் கழித்து, 1894 பிப்ரவரி 16-ம் தேதி, நார்வே தேசத்து நான்சென் என்பவர் பனிக்கடலில் உறைந்து நின்ற தம் பிராம் கப்பலிலிருந்து சூரியனைப் பார்த்தார். அவருடைய கணக்கிலும் அது இன்னும் அடிவானத்துக்குக் கீழேதான் இருந்தது. அவர் கண்டது வட்டமான சூரியனை அன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சிவந்த நெருப்புக் கோடுகளை. 1915 மே மாதத்தில் தென் துருவத்துப் பனியில் அகப்பட்டுக் கிடந்த ஷாக்கில்டனுக்கு இது தலைகீழாக நிகழ்ந்தது. மாரிக்காலத்துக்கென்று விடைபெற்றுப் போன சூரியன் ஒரு வாரம் கழித்து மறுபடி எழுந்து வந்து முகம் காட்டிற்று.

காரணம் விளங்கக் கடினமானதல்ல. கோடையில் தார் ரோட்டில் தூரத்தே தண்ணீர் தேங்கி நிற்பதுபோல் நாம் காண்கிறோமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தரையை ஒட்டிய காற்று சூடு, மேலே குளிர்ச்சி. அதனால் ஒளி மேல்நோக்கி வளைந்து வானத்தைத் தரையில் கொண்டுவந்து காட்டுகிறது. பனிக்கடலில் இது தலைகீழ். பனியை ஒட்டிய காற்று மிகக் குளிர்ந்து கனத்திருக்கும். மேலே அதைவிட வெப்பமான காற்று மூடிபோல் படிந்திருக்கும். அப்போது ஒளி கீழ்நோக்கி வளையும். அந்த அமைப்பு நூற்றுக்கணக்கான மைல் தூரம் குலையாமல் இருக்குமானால், ஒளி குழாய்க்குள் ஓடும் ஜலத்தைப்போல் பூமியின் வளைவை ஒட்டியே ஓடிவந்து சேரும். சிறிய அளவில் இது நம் ஊரிலும் தினம் நடக்கிறது. கடற்கரையில் நின்று சூரியோதயத்தைத் தரிசிக்கிறோமே, செவ்வட்டம் முழுவதும் கடலைத் தொட்டு எழுந்து நிற்கும் அந்தக் கணத்தில் உண்மையான சூரியன் அடிவானத்துக்குக் கீழேயே இருக்கிறது. அரை டிகிரி அளவு காற்று தூக்கிக் காட்டுகிறது. நோவயா செம்லியாவில் அது பத்து மடங்கு தூக்கிவிட்டது. 2003-ல் ஹாலந்து விஞ்ஞானிகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் டி வேருடைய குறிப்புகளை வரிவரியாகச் சோதித்து, அவர் எழுதியபடி நடந்திருக்க முடியும் என்று கண்டார்கள். இந்தக் கானலுக்கு விஞ்ஞானத்தில் நோவயா செம்லியா விளைவு என்றே பெயர். நானூறு வருஷம் கழித்துத் தீர்ப்பு வந்தது. வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை.

சூரியன் வந்துவிட்டது, துன்பம் தீர்ந்தது என்று முடிப்பதற்கில்லை. வடதேசத்தில் வெளிச்சம் ஒரு மாதத்தில் வருகிறது. உஷ்ணம் வேறொரு மாதத்தில் வருகிறது. புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். அடிவானத்தில் ஊர்ந்து செல்லும் சூரியனுக்கோ கொடுப்பதற்கே அதிகமில்லை. ஆகையால் பிப்ரவரியும் மார்ச்சுமே பல இடங்களில் கடுங்குளிர் மாதங்கள். ஹாலந்துக்காரர்கள் வெளியே வந்து, பிடித்துப்போன மூட்டுகள் இளகுவதற்காகப் பந்து எறிந்து விளையாடினார்கள். ஆனால் கப்பலைச் சுற்றிய பனி குறைவதற்குப் பதில் வளர்ந்தது. சூரியனோடு வெண்கரடிகளும் திரும்பி வந்தன. ஒரு கரடியைக் கொன்று அதன் ஈரலைச் சமைத்துத் தின்றவர்கள் கடும் நோயில் விழுந்தார்கள்; மூவருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை தோல் உரிந்தது. வெண்கரடியின் ஈரலில் ஏ வைட்டமின் விஷமாகும் அளவுக்குச் சேர்ந்திருப்பது பிற்காலத்தில் தெரிந்த விஷயம்.

கப்பல் மீளவில்லை. ஜூன் மாத மத்தியில், எஞ்சிய பதினைந்து பேரும் மேல்தட்டில்லாத இரண்டு படகுகளில் புறப்பட்டார்கள். கிளம்புமுன் பாரென்ட்ஸ் நடந்ததையெல்லாம் ஒரு கடிதத்தில் எழுதிப் புகைக் கூண்டில் தொங்கவிட்டார். அவரைச் சறுக்குவண்டியில் வைத்துத்தான் படகுக்கு இழுத்துச் செல்லவேண்டி இருந்தது. ஜூன் 20-ம் தேதி, டி வேர் வரைந்த கடற்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அதைக் கீழே வைத்துவிட்டுக் குடிக்கக் கொஞ்சம் கேட்டார். குடித்தவுடன் உயிர் பிரிந்தது. தம் கணக்கும் சரி, நண்பரின் கண்ணும் சரி என்று அவருக்குச் சொல்ல அன்று யாரும் இல்லை. பன்னிரண்டு பேர் மட்டும், நரித்தோல் குல்லாயோடு, நவம்பர் முதல் தேதி ஆம்ஸ்டர்டாமில் வந்து நின்றார்கள்.

அதே வருஷம் ஆகஸ்டில், ஆப்பிரிக்காவைச் சுற்றி ஜாவாவுக்குச் சென்ற வேறொரு ஹாலந்துக் கப்பல் கூட்டம் ஊர் திரும்பியிருந்தது. தெற்கு வழி திறந்துவிட்டது. வடக்கு வழியில் அவர்களுக்கு இருந்த ஆவல் அடங்கிற்று. சில வருஷங்களுக்குள் பழவேற்காட்டில் அவர்கள் கோட்டை எழுந்தது. 1658-ல் நாகப்பட்டினமும் அவர்கள் வசமாயிற்று. வடக்கு வழியாகவே கப்பலைச் செலுத்திக் கிழக்கே முதன்முதலில் கடந்தவர் 1878-79-ல் சென்ற நோர்டென்ஷெல்ட் என்னும் ஸ்வீடன்காரர். அவரும் வழியில் ஒரு மாரிக்காலம் பனியில் சிறைப்பட்டார். பாரென்ட்ஸின் குடிசையை 1871-ல் ஒரு நார்வே மாலுமி கண்டுபிடித்தார். கடிகாரமும் பாத்திரங்களும் வைத்தது வைத்தபடி பனிக்குள் இருந்தன. சில வருஷத்தில் கடிதமும் கிடைத்தது.

அந்தப் பிரயாணத்தில் கண்டுபிடித்த ஸ்பிட்ஸ்பெர்கனில் இன்று லாங்யர்பியன் என்னும் ஊர் இருக்கிறது. அக்டோபர் கடைசியில் போகும் சூரியன் பிப்ரவரி மத்தியில் அடிவானத்துக்கு மேலே வரும். ஆனால் மலைகள் மறைப்பதால் ஊருக்குள் வெயில் விழுவது மார்ச்சு 8-ம் தேதி. அதற்குப் பிறகே, பனியும் கெட்டியாக இருக்க வெளிச்சமும் இருக்கும் அந்த இரண்டு மாதத்தில், வெளியூர்க்காரர்கள் கூடாரம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கூடாரத்தைச் சுற்றிக் கரடி இடறினால் வெடிக்கும்படி கம்பி கட்டி, இரவில் முறைவைத்துக் காவல் இருக்கிறார்கள். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் பொசுக்கிவிடும் என்பதால் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெளியே தலைநீட்டுவதில்லை.

மார்ச்சு 8-ம் தேதி ஊர் ஜனங்கள் பழைய ஆஸ்பத்திரிப் படிக்கட்டருகே கூடுகிறார்கள். குழந்தைகள் முகத்தில் மஞ்சள் வர்ணத்தால் சூரியனை வரைந்துகொண்டு, வா வா என்று கூவி அழைக்கிறார்கள். மலை இடுக்கு வழியாக வெளிச்சம் வந்து அந்தப் படிகளில் விழுகிறது; சில நிமிஷத்தில் போய்விடுகிறது. அப்புறம் பகல் நாளுக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் நீள்கிறது. ஏப்ரல் 20-க்குச் சூரியன் அஸ்தமிப்பதே நின்றுவிடும். அதற்குள் வீட்டுக்கு வீடு ஜன்னல்களில் கனத்த கறுப்புத் திரை ஏறிவிடும், குழந்தைகளைத் தூங்கவைக்க.